கன்றுக்கு விட்ட கண் துளியை நாய்க்கும் விடலாமா?

கேள்வி இதுதான். திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் பத்துப் பன்னிரண்டு மாடுகளும் சில ஆடுகளும் வைத்திருக்கும் ஒருவர் கேட்கிறார். கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று தொடங்கியதிலிருந்து மூன்று மாடுகளுக்குக் கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. ஒரு கன்றுக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது. பார்மசியில் கொடுத்த, மனிதருக்கான கண் துளியை ஐந்து நாள் விட்டிருக்கிறார். சிவப்புக் குறைந்தது, பூ பெருத்தது. இப்போது வீட்டு நாய்க்கும் கண் சிவந்திருக்கிறது. மிச்சத் துளியை அதற்கு விடலாமா?

விட வேண்டாம். கன்றுக்கும் இன்றே நிறுத்துங்கள். நிறுத்திவிட்டுப் போத்தலில் உள்ள சிறிய எழுத்தை வாசியுங்கள். டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசொலோன், ஹைட்ரோகோர்டிசோன் இவற்றில் ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீரொய்ட் கலந்த துளி. பெரும்பாலும் ஒரு நுண்ணுயிர்க்கொல்லியோடு சேர்த்தே வரும். அதனால்தான் ‘கண்ணில் கிருமிக்கு நல்லது’ என்று கொடுத்துவிடுகிறார்கள். ஸ்டீரொய்ட் சிவப்பையும் வீக்கத்தையும் விரைவாக அடக்கும். ஆனால் கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலத்தில் புண் இருந்தால் அந்தப் புண் மூடாமல் தடுக்கும். கிருமியோடு போராட வரும் இரத்த அணுக்களையும் கட்டிப்போடும். படலத்தை அரிக்கும் நொதிகளுக்கு அதன்பின் தடையில்லை. நீங்கள் சொன்ன ‘சிவப்புக் குறைந்தது, பூ பெருத்தது’ என்பது இதற்கு அச்சொட்டான அடையாளம்.

அதற்காக அந்தத் துளியே கெட்ட துளி என்று எறியவும் வேண்டாம். உங்கள் நாய்க்கு வந்திருப்பது கண்ணுக்குள்ளான அழற்சி என்றால் அதே மருந்துதான் அதன் பார்வையைக் காப்பாற்றும். கேள்வி எந்தத் துளி என்பதல்ல, படலத்தில் புண் இருக்கிறதா இல்லையா என்பதே. அதைப் பார்க்காமல் மனிதருக்கோ மிருகத்துக்கோ ஸ்டீரொய்ட் துளி விடக் கூடாது.

முதலில் ‘பூ’ என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பூ ஒரு நோயல்ல, பல நோய்களின் அடையாளம். பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை, நிழலான இடத்தில் ரோச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஒரு தடவை பாருங்கள். படலம் முழுவதும் நீலம் கலந்த வெண்மையாக, நீராவி படிந்ததுபோல் இருந்தால் அது நீர் கோத்த வீக்கம். மஞ்சள் கலந்த வெண்மையாக, ஓரம் தெளிவில்லாமல் இருந்தால் சீழணுக்கள் திரண்டிருக்கின்றன, கிருமி உள்ளே இறங்கியிருக்கிறது. இதுதான் அவசரமானது. ஓரம் தெளிவாக, சுண்ணாம்பு வெள்ளையாக, மிருகம் கண்ணைச் சுருக்காமல் சாதாரணமாக விழித்திருந்தால் அது பழைய புண் ஆறிய தழும்பு. அதற்கு மருந்தும் இல்லை, தேவையும் இல்லை. வெண்மை முன்படலத்தில் இல்லாமல் கண்மணிக்குப் பின்னால் ஆழத்தில் தெரிந்தால் அது வில்லையில் விழுந்த புரை. ஏழெட்டு வயது கடந்த நாய்களில் வில்லை முதிர்ந்து நீலச் சாம்பல் நிறமாகும். பார்வையை அது பெரிதாகக் கெடுப்பதில்லை. அதைப் புரை என்று நினைத்து மாதக்கணக்கில் துளி வாங்குவது வீண் செலவு. புரையைக் கரைக்கும் துளி என்று எதுவும் நிரூபிக்கப்படவில்லை, சத்திரசிகிச்சை ஒன்றுதான் வழி.

இனி, சோதிப்பது எப்படி. மாட்டைப் பிடிப்பதற்கு முன் பத்தடி தள்ளி நின்று முன்பக்கமாகப் பாருங்கள். மாட்டின் மேலிமை மயிர்கள் சாதாரணமாகக் கிட்டத்தட்ட நேராக வெளியே நீட்டி நிற்கும். ஒரு பக்க மயிர்கள் மட்டும் நிலத்தை நோக்கிச் சாய்ந்திருந்தால் அந்தக் கண் நோகிறது. தண்ணீர் ஓடுவதற்கும் பூ விழுவதற்கும் முன்பே இது தெரியக்கூடும். கன்னத்தில் ஈரக்கோடு இருக்கிறதா, அதில் புழுதி ஒட்டிக் கறுத்திருக்கிறதா, ஒரு கண்ணா இரண்டு கண்ணுமா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கண் என்றால் காயம், தூசு, கிருமி. இரண்டு கண்ணும் ஒரே நாளில் என்றால் உடம்பு முழுவதுக்குமான நோயைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது முதல் வேலை காய்ச்சல் பார்ப்பது. 40 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், இரண்டு கண்ணிலும் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஏறும் வெண்மை, மூக்கில் சளிக்கட்டு, வாயில் புண் இவை சேர்ந்தால் கண்ணை விட்டுவிட்டு உடனே கால்நடை வைத்திய அதிகாரியைக் கூப்பிடுங்கள். தோலில் கழலை கழலையாக எழும்பும் தோல் கழலை நோயிலும் கண்ணில் பூ விழும், அதையும் உடனே அறிவிக்க வேண்டும்.

பிறகு மாட்டைக் கட்டி, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, நாடியைச் சற்று உயர்த்துங்கள். விழி தானாகவே கீழ்நோக்கிச் சுழலும், மேல் வெண்விழி அகலமாகத் தெரியும். இரத்தக்குழாய்களைப் பார்க்க இதைவிட நல்ல வழியில்லை. மேலிமைக்கு வெளியே விரலை வைத்து விழியை மெதுவாக உள்ளே அழுத்தினால் உள்மூலையிலிருந்து மூன்றாம் இமை எழும்பி வரும். வெளியே தெரியும் பக்கத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. வைக்கோல் துண்டு, நெல்லின் சுணை, புழு எல்லாம் ஒளிந்திருப்பது அதன் பின்பக்கத்தில்தான். அங்கே பார்க்க மரக்கச் செய்யும் துளி வேண்டும். 0.5 வீத புரோபரகெயின் விட்டு ஒரு நிமிடம் பொறுத்தால் போதும். அந்தத் துளி சோதிக்க மட்டுமே. வலி குறைகிறது என்று வீட்டில் தொடர்ந்து விட்டால் புண் ஆறாது, அந்தத் துளியே படலத்தைக் கெடுக்கும்.

பார்வையைச் சோதிக்கக் கையைக் கண்ணுக்கு முன் வீசுகிறார்கள். வீசும் காற்றுப் பட்டாலே குருட்டு மாடும் இமைக்கும். விரலை மெதுவாகக் கொண்டுபோங்கள், அல்லது ஒரு பஞ்சு உருண்டையை அதன் முன்னே விழவிட்டுப் பாருங்கள். பிறந்து சில நாளேயான கன்றும் சின்ன நாய்க்குட்டியும் பார்வை இருந்தாலும் இமைக்காது, அதை வைத்துக் குருடு என்று முடிவெடுக்க வேண்டாம்.

புண் இருக்கிறதா என்பதைச் சொல்வது புளோரசின் சாயம். தாள் கீற்றாக வரும், மனிதரின் கண் வைத்தியத்தில் பாவிக்கும் அதே கீற்று. நுனியில் ஒரு துளி சேலைன் விட்டு, கீழிமையின் உட்பக்கத்தில் தொட்டு எடுத்து, இமையை இரண்டு தடவை மூடித் திறக்கவிட்டு, மிச்சச் சாயத்தைச் சேலைனால் கழுவிவிட வேண்டும். நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒட்டி நிற்கும் இடம் புண். கழுவாமல் பார்த்தால் சளியில் தேங்கிய சாயத்தைப் புண் என்று நினைப்பீர்கள். இன்னொரு பொறியும் உண்டு. புண் மிக ஆழமாகி, கடைசி மெல்லிய தோல் மட்டும் மிஞ்சியிருக்கும்போது அந்தத் தோல் சாயத்தை ஏற்காது. சுற்றிலும் பச்சை வளையம், நடுவில் கரிய தெளிவு என்று தெரியும். ‘நடு ஆறிவிட்டது’ என்று சந்தோசப்பட வேண்டிய இடமல்ல, அது எந்த நேரமும் உடையும் கண். இமையை அழுத்தக் கூடாது, மிருகத்தை இழுத்துப் பறிக்கவும் கூடாது.

உங்கள் கன்றுக்கு வருவோம். வெயில் காலம், புழுதி, ஈ, ஒன்றன்பின் ஒன்றாகப் பல மாடுகள், இளசுகளில் கடுமை. இது பெரும்பாலும் மொராக்செல்லா போவிஸ் என்ற பக்டீரியாவால் வரும் தொற்றுக் கண்நோய். கச்சான் இதற்குத் தேவையான எல்லாவற்றையும் கொண்டுவருகிறது. வெயிலும் புழுதியும் படலத்தின் மேற்தோலை உரசி வைக்கும், கண்ணீரை உண்ண வரும் ஈ ஒரு மாட்டின் கண்ணிலிருந்து அடுத்ததற்குக் கிருமியைக் காவும். புல் கருகி மாடுகள் குளத்தடியில் நெருக்கமாக நிற்பதும் சேர்ந்தால் ஒரு கிழமையில் பட்டி முழுவதும் பரவும். புண் பொதுவாகப் படலத்தின் நடுவில் சிறு புள்ளியாகத் தொடங்கும். சில நாளில் விளிம்பிலிருந்து சிவப்பு இரத்தக்குழாய்கள் தூரிகை மயிர்போல நடுவை நோக்கி ஏறும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் புண்ணை ஆற்ற உடம்பு அனுப்பும் ஆள் அதுதான். அந்தக் குழாய்கள் மூன்று முதல் ஆறு நாள் கழித்து முளைத்து, நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் வளரும். ஐந்து மில்லிமீற்றர் ஏறியிருந்தால் புண்ணுக்குக் குறைந்தது எட்டு நாள் வயது. ஐந்து நாள் ஸ்டீரொய்ட் விட்ட கண்ணில் இந்தக் குழாய்கள் வராமலே இருந்திருக்கலாம்.

சிகிச்சையில் முதல் தெரிவு நீண்டநேரம் வேலை செய்யும் ஒக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி, கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஒரு மில்லிலீற்றரில் 200 மில்லிகிராம் உள்ள மருந்து என்றால் 10 கிலோவுக்கு 1 மில்லிலீற்றர். கழுத்துத் தசையில் ஆழமாக, ஒரு இடத்தில் 10 மில்லிலீற்றருக்கு மேல் போடாமல், தேவையானால் 72 மணித்தியாலம் கழித்து இன்னொரு தடவை. ஊசி ஏன் என்றால், மருந்து கண்ணீரில் சுரந்து கண்ணில் நாள் முழுவதும் நிற்கும். களிம்பை ஒரு நாளில் மூன்று நான்கு தடவை பூசினால்தான் பலன், மேயப் போகும் பட்டி மாட்டில் அது நடக்காது. தராசு இல்லாவிட்டால் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து புட்ட எலும்பு வரை நீளத்தையும் சென்ரிமீற்றரில் அளந்து, சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 10,840 என்று கணக்குப் போடுங்கள். சுற்றளவு 130, நீளம் 115 என்றால் ஏறக்குறைய 180 கிலோ, அதற்கு 18 மில்லிலீற்றர், இரண்டு இடத்தில். நம் பக்கத்து நாட்டு மாட்டைக் கண்ணால் மதிப்பிடுபவர்கள் கூட்டியும் குறைத்தும் சொல்வார்கள், அளப்பதே நல்லது. ஊசியின் அளவையும் மருந்தையும் உங்கள் பிரிவின் கால்நடை வைத்தியர் உறுதிப்படுத்திய பிறகே போடுங்கள். மருந்து போட்ட மாட்டின் பாலை லேபிளில் சொன்ன நாள்வரை சேகரிப்பு நிலையத்துக்கு ஊற்றக் கூடாது, வீட்டிலும் குடிக்கக் கூடாது.

புண் ஆழமாக இருந்தால் வைத்தியர் வெண்விழியின் மேற்தோலுக்குக் கீழே பென்சிலின் ஊசி போடுவார், அல்லது மூன்றாம் இமையை இழுத்துத் தைத்து மூடுவார். ஒரு வீத அற்றோபின் துளியையும் தரக்கூடும். அது கண்ணுக்குள் இழுத்துப் பிடித்திருக்கும் தசையைத் தளர்த்தி வலியைக் குறைக்கும். அற்றோபின் விட்ட கண்ணில் கண்மணி விரிந்தே நிற்கும், வெயில் கூசும். அந்த மாட்டை நிழலில் கட்டாமல் வெளியில் விட்டால் அது பொறுக்காது. நிழலுக்கு வசதியில்லாதவர்களுக்கு நல்ல உபாயம் பழைய ஜீன்ஸ் துணி. கண்ணைவிட நான்கு விரல் அகலமாக வெட்டி, மேல்விளிம்பிலும் இரு பக்கத்திலும் மட்டும் செருப்புத் தைப்பவர்கள் பாவிக்கும் பசையைப் பூசிக் கண்ணைச் சுற்றியுள்ள மயிரில் ஒட்டுங்கள். பசை இமைக்கும் விழிக்கும் கிட்டவும் வரக் கூடாது. கீழ்ப்பக்கம் திறந்தே இருக்க வேண்டும், சீழும் கண்ணீரும் வடிய. வெயில், தூசு, ஈ மூன்றையும் ஒரு துணி மறிக்கும். இரண்டு கிழமையில் தானாகக் கழன்றுவிடும். இரண்டு கண்ணையும் ஒரே நேரத்தில் மூடிவிடாதீர்கள்.

மடிநோய்க்கு வரும் ட்யூபைக் கண்ணில் பிதுக்குவது பல பட்டிகளில் வழக்கம். சிலவற்றில் பிரெட்னிசொலோன் கலந்திருக்கும், மீண்டும் அதே ஸ்டீரொய்ட் கதை. குளோரம்பெனிக்கோல் களிம்பும் பார்மசியில் எளிதாகக் கிடைக்கும். பால், இறைச்சிக்காக வளர்க்கும் மிருகங்களுக்கு அது பல நாடுகளில் தடைசெய்யப்பட்ட மருந்து, மாட்டுக்கும் ஆட்டுக்கும் வேண்டாம்.

எருக்கலைப் பால், புகையிலைச் சாறு, மிளகு மென்று துப்புவது, உப்பைத் தூளாகத் தூவுவது எதுவும் வேண்டாம். இவற்றில் எருக்கலைப் பாலே மிகக் கொடியது. படலத்தின் உட்புறத்தில் நீரை வெளியேற்றும் செல்களை அது தாக்கும், பூவை அகற்றப்போய்ப் புதிய பூவை வரவழைக்கும். கண்ணூறு கழிப்பதில் எனக்கு மறுப்பில்லை, அதில் கண்ணுக்குள் எதையும் ஊற்றுவதில்லை.

கழுவுவதற்கு 0.9 வீத சேலைன் போத்தல் போதும். அவசரத்துக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது தட்டையாக வழித்த ஒன்றரைத் தேக்கரண்டி, கரைத்து அன்றைக்கே பாவித்து முடியுங்கள். ஊசி கழற்றிய 20 மில்லிலீற்றர் சிரிஞ்சால் உள்மூலையிலிருந்து வெளிப்பக்கமாகப் பீச்சவும். ஒரு மாட்டைத் தொட்ட கையையும் துணியையும் கழுவாமல் அடுத்த மாட்டில் வைத்தால் ஈ செய்யும் வேலையை நீங்களே செய்கிறீர்கள். சாணியை ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது வாரி, குவியலைப் பொலித்தீனால் மூடினால் ஈ குறையும். பின்னேரம் பட்டிக்குப் புகை போடுவது ஈயையும் நுளம்பையும் துரத்தும், ஆனால் நோயுள்ள கண்ணுக்கு அந்தப் புகையே காரம். கண்நோய் மாட்டைக் காற்று வரும் பக்கமாகக் கட்டுங்கள். சுகமான மாடும் மாதக்கணக்கில் கிருமியைக் காவக்கூடும் என்பதால், புதிதாக வாங்கும் மாட்டைச் சில கிழமை தனியாக வைத்திருப்பது நல்லது.

எல்லாத் தண்ணீர்க் கண்ணும் இந்தக் கிருமியல்ல. வெட்டிய வயலில் மேயவிட்ட மாட்டுக்கு ஒட்டு (அறுத்த தாளின் அடிக்கட்டை) குத்திய காயம் ஒரு கண்ணில், திடீரென்று வரும். புண் நடுவில் இல்லாமல் ஓரமாகவோ கோடாகவோ இருந்தால் மூன்றாம் இமைக்குப் பின்னால் தேடுங்கள், சுணை இன்னும் அங்கேயே இருக்கும். அதை எடுக்காமல் எந்த ஊசி போட்டும் ஆறாது. தெலாசியா என்ற கண்புழு இன்னொன்று. ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் நீளத்தில் பால் நிறமான நூல்போல, விழியின் மேற்பரப்பில் நெளியும். பரப்புவது ஈதான். மரக்கும் துளி விட்டு, சேலைனால் அடித்துக் கழுவி, மழுங்கிய இடுக்கியால் எடுக்கலாம். மிச்சத்துக்கு ஐவர்மெக்டின், கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், தோலுக்குக் கீழே. பால் கறக்கும் மாட்டுக்கு ஐவர்மெக்டின் பொதுவாகப் போடுவதில்லை, வைத்தியரிடம் மாற்று மருந்து கேளுங்கள். புழு படலத்துக்கு உள்ளே, கண் நீருக்குள் நீந்தினால் அது வேறு இனம். அதைத் துளியாலும் கழுவியும் எடுக்க முடியாது, சத்திரசிகிச்சைதான்.

கோடை நீண்டு, வெளுத்த வைக்கோலை மட்டும் மாதக்கணக்கில் தின்ற கன்றுகளில் இன்னொரு கண்நோய் வரும். கண்ணில் பூவும் இல்லை, சிவப்பும் இல்லை, மைம்மல் நேரத்தில் மட்டும் வேலியில் முட்டும். விற்றமின் ஏ குறைவு அது. விற்றமின் ஏ ஊசி, கிலோவுக்கு 440 அலகு அளவில் வைத்தியர் போட்டால் மாலைக்கண் மாறும். ஆனால் வளரும் கன்றில் பார்வை நரம்பு வரும் எலும்புத் துளை ஒடுங்கி நரம்பை நெரித்துவிட்டால் அந்தக் குருடு மாறாது. ஆகவே கோடையில் கிளிசரியா, முருங்கை, அகத்தி என்று கையில் கிடைக்கும் பச்சையில் தினமும் ஒரு கட்டாவது கொடுக்க வேண்டும். கண் தெளிவாக இருந்து, ரோச் அடித்தால் கண்மணி சுருங்கி, ஆனாலும் பார்வையில்லாமல் சுவரில் தலையை அழுத்தி நின்றால் கோளாறு மூளையில். பழைய பற்றரியை நக்கியதால் வரும் ஈய நஞ்சு அதற்கு ஒரு காரணம். அன்றைக்கே வைத்தியர் பார்க்க வேண்டும்.

ஆடுகளின் கதை வேறு. அவற்றில் மைக்கோபிளாஸ்மாவும் கிளமிடியாவும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள். கண் சிவந்து, பீளை தள்ளி, வெண்மை விளிம்பிலிருந்து தொடங்கும். நடுப்புண் ஆரம்பத்தில் இராது. மாட்டுக்கு வேலை செய்த பென்சிலின் மைக்கோபிளாஸ்மாவுக்கு வேலை செய்யாது. அது கிருமியின் செல் சுவரைத் தாக்கும் மருந்து, இந்தக் கிருமிக்குச் சுவரே இல்லை. ஒரு வீத டெட்ராசைக்ளின் கண் களிம்பு நாளுக்கு மூன்று தடவை, கண் தெளிந்த பிறகும் சில நாள், அல்லது வைத்தியர் சொன்னால் ஒக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி. பாதியில் விட்டால் திரும்ப வரும். கிளமிடியாவில் சில மனிதருக்கும் தொற்றும், சினை ஆட்டுக்குக் கரு கலைந்திருந்தால் கர்ப்பிணிகள் அந்தப் பட்டிப் பக்கம் போகக் கூடாது.

நாயின் சிவந்த கண்ணுக்கு நான்கு பெரிய காரணங்களையாவது பிரிக்க வேண்டும். கண் பளபளப்பின்றி, பசைபோன்ற சளி இமையில் ஒட்டிக் கிடந்தால் கண்ணீர் வற்றிய கண். கண்ணீரை அளக்கும் தாளை எந்தத் துளியும் விடுவதற்கு முன் கீழிமையில் செருகி ஒரு நிமிடம் வைப்பார்கள். 15 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் நனைந்தால் நல்லது, 10க்குக் கீழ் என்றால் வறட்சி. இதற்கு நுண்ணுயிர்க்கொல்லித் துளி மாறி மாறி விட்டுப் பயனில்லை, சைக்ளோஸ்போரின் களிம்பு நாளுக்கு இரண்டு தடவை, பெரும்பாலும் ஆயுள் முழுவதும். கண்மணி சுருங்கி, கண்ணுக்குள் கலங்கல் அல்லது இரத்தம் தெரிந்தால் உள்ளழற்சி. உண்ணி உள்ள நாயில் முதலில் சந்தேகிக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். முரசில் சிவப்புப் புள்ளிகள் இருக்கிறதா பாருங்கள், இரத்தம் சோதியுங்கள். டொக்ஸிசைக்ளின் கிலோவுக்கு 10 மில்லிகிராம், நாளுக்கு ஒரு தடவை, 28 நாள். சாயச் சோதனையில் புண் இல்லை என்று தெரிந்த பிறகு ஸ்டீரொய்ட் துளி. அந்த நேரத்தில் துளியைப் பயந்து விடாமலிருந்தாலும் கண் போய்விடும்.

கண்மணி அகன்று, வெளிச்சத்துக்கு அசையாமல், இமைக்கு மேலால் தொட்டால் மற்றக் கண்ணைவிடக் கல்லாக இருந்தால் கண் அழுத்தம் ஏறியிருக்கிறது. இதில் கணக்கு நாளல்ல, மணித்தியாலம். இந்தக் கண்ணுக்கு அற்றோபின் விட்டால் அழுத்தம் இன்னும் ஏறும். நான்காவது வெறும் புண். நாயின் படலம் நடுவில் அரை மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான் இருப்பு. மேலோட்டமான புண் ஐந்து முதல் ஏழு நாளில் மூட வேண்டும். மூடாவிட்டால் மருந்தை மாற்றுவதை விட்டுக் காரணத்தைத் தேடுங்கள். உள்நோக்கி வளர்ந்த இமை மயிர், தூசு, கண்ணீர் வறட்சி, விளிம்பில் ஒட்டாமல் கிடக்கும் இறந்த தோல், இவற்றில் ஒன்று இருக்கும். புண்ணின் ஓரம் கூழாகக் கரைந்து தொங்கத் தொடங்கினால் மணிக்கொரு தடவை துளி தேவைப்படும். அதே நாயின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை வைத்தியர் துளியாக விடுவதும் உண்டு, அரிக்கும் நொதிகளை அது கட்டும். எந்தக் கண்நோயிலும் கழுத்தில் கூம்பு மாட்டாமல் விட்டால் பாதி வேலையை நாயின் கால் கெடுத்துவிடும்.

ஷிற்சூ இன நாய் வளர்ப்பவர்கள் நகரத்தில் கூடிவருவதால் ஒரு சொல். உள்மூலையில் செக்கச்சிவந்த உருண்டை வெளிவந்தால் அது கட்டியல்ல, மூன்றாம் இமையின் கண்ணீர்ச் சுரப்பி. வெட்டி எறியச் சொல்லாதீர்கள், உள்ளே தைத்து வைக்கச் சொல்லுங்கள். வெட்டிய நாய்களில் கணிசமானவை பிறகு கண்ணீர் வறட்சியோடு திரும்பி வரும். வெண்விழியின் தோலுக்குக் கீழே நூல்போல ஏதாவது நகர்ந்தால், நுளம்பு பரப்பும் டைரோபிலேரியா புழுவாக இருக்கலாம். இலங்கையில் மனிதரின் கண்ணிலும் தோலுக்குக் கீழேயும் இதை எடுத்திருக்கிறார்கள்.

கோழிக்குக் கண் வீங்கினால் மாரிக்குப் பின் அம்மைக் கொப்புளமா என்று முதலில் பாருங்கள், அடுத்தது கூட்டின் நாற்றம். நீங்கள் குனிந்து நின்று உங்கள் கண் கரித்தால் கோழியின் கண்ணை எரிப்பது அமோனியாதான், கீழே போட்ட உமியை மாற்றுங்கள். திருகோணமலைக் கோட்டைப் பக்கம் திரியும் மான்களில் கண் வெளுத்த ஒன்றைக் கண்டால் பிடிக்கப் போக வேண்டாம். துரத்திப் பிடித்த மான் கண்நோயால் அல்ல, பதற்றத்தால் தசை சிதைந்து சாகும். வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

விழியே இமைக்கு வெளியே பிதுங்கிய நாய், உடைந்த கண், கல்லாக இறுகிய கண் இவற்றுக்கு முதலில் அருகிலுள்ள வைத்தியர். அவர் அனுப்பினால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்து வைத்தியசாலை. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாகப் போய்ச் சேர அரை நாள் எடுக்கும், அதற்குள் கண் காய்ந்தால் போன பயன் இல்லை. பிதுங்கிய விழியை உள்ளே தள்ள முயலாதீர்கள். சேலைனில் ஊறிய துணியை மேலே வைத்து, பத்து நிமிடத்துக்கொரு தடவை நனைத்துக்கொண்டே போங்கள். கழுத்துப் பட்டியைக் கழற்றிவிட்டு நெஞ்சுப் பட்டியில் பிடியுங்கள், கழுத்து நெரிந்தால் கண்ணழுத்தம் ஏறும். மயக்க மருந்து தேவைப்படும் என்பதால் வழியில் சாப்பாடு கொடுக்க வேண்டாம். இதுவரை விட்ட எல்லாத் துளிகளின் போத்தல்களையும், வெறும் போத்தலானாலும், ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.